கண்டிப்பும் கனிவும்: பெற்றோரின் வளர்ப்பு முறையும் கல்லூரி மாணவரின் குடிப்பழக்கமும்

பள்ளிப் படிப்பு முடிந்து கல்லூரி விடுதிக்குள் நுழையும் 18 வயதுப் பிள்ளை, வாழ்க்கையில் முதன்முறையாகப் பெற்றோரின் கண்பார்வைக்கு வெளியே வாழத் தொடங்குகிறது. எப்போது தூங்குவது, யாரோடு பழகுவது, எதற்குச் செலவு செய்வது என்பதையெல்லாம் அதுவே முடிவு செய்கிறது. குடிப்பதா வேண்டாமா, குடித்தால் எவ்வளவு என்பதும் அந்த முடிவுகளில் ஒன்று. அந்த இடத்தில் பெற்றோர் இல்லை. ஆனால் அவர்கள் வளர்த்த விதம் அங்கேயும் பிள்ளையோடு இருக்கிறதா? உளவியலாளர்களும் பொதுச் சுகாதார ஆய்வாளர்களும் பல பத்தாண்டுகளாக இந்தக் கேள்விக்கு விடை தேடி வந்திருக்கிறார்கள். இருக்கிறது என்பதே அவர்கள் கண்ட பொதுவான விடை. ஆனால் எந்த வளர்ப்பு காக்கிறது, எது கைவிடுகிறது என்பதில் பல பெற்றோர் நம்புவதற்கு மாறான முடிவுகளும் கிடைத்திருக்கின்றன.

நான்கு வளர்ப்பு முறைகள்

இந்த ஆய்வுகளுக்கு அடித்தளம் இட்டவர் அமெரிக்க உளவியலாளர் டயானா பாம்ரிண்ட். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பணியாற்றிய அவர், 1960களில் பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைகளையும் அவர்களுடைய பெற்றோரையும் நேரில் கவனித்து, வளர்ப்பு முறைகளை மூன்றாகப் பிரித்தார். 1983இல் எலினார் மக்கோபியும் ஜான் மார்ட்டினும் அதை இரண்டு அளவுகோல்களின் மேல் அமைத்து, நான்காவது வகையையும் சேர்த்தார்கள். முதல் அளவுகோல், பெற்றோர் பிள்ளையிடம் எவ்வளவு ஒழுங்கை எதிர்பார்க்கிறார்கள் என்பது. இரண்டாவது, பிள்ளையின் மனதையும் தேவையையும் அறிந்து எவ்வளவு அன்போடு நடந்துகொள்கிறார்கள் என்பது.

கண்டிப்பு அதிகம், கனிவு குறைவு என்றால் அது அதிகார வளர்ப்பு. "நான் சொன்னேன், செய்" என்பதே அங்கே விதி. காரணம் கேட்பது எதிர்த்துப் பேசுவதாகக் கொள்ளப்படும். கனிவு அதிகம், கண்டிப்பு குறைவு என்றால் செல்ல வளர்ப்பு. பிள்ளையின் முகம் வாடக் கூடாது என்பதற்காக எதற்கும் எல்லை வைக்காத வீடு அது. இரண்டும் இல்லாவிட்டால் பாராமுக வளர்ப்பு. பிள்ளை எங்கே போகிறது, யாரோடு இருக்கிறது, மனதில் என்ன குறை என்று எதையும் பெற்றோர் கேட்பதில்லை. இரண்டும் சேர்ந்திருப்பது வழிநடத்தும் வளர்ப்பு. அங்கே விதிகள் உண்டு. அவற்றை மீறினால் விளைவும் உண்டு. அதே சமயம் அந்த விதி ஏன் என்று பெற்றோர் விளக்குகிறார்கள், பிள்ளையின் மறுப்பைக் காதுகொடுத்துக் கேட்கிறார்கள், நியாயம் இருந்தால் விதியை மாற்றவும் செய்கிறார்கள்.

எந்தக் குடும்பமும் ஒரே வகைக்குள் முழுமையாக அடங்கிவிடாது. தந்தை அதிகார வழியிலும் தாய் செல்ல வழியிலும் நடப்பது எங்கும் காணக்கூடியதே. மூத்த பிள்ளையிடம் கண்டிப்பாக இருந்தவர்கள் கடைக்குட்டியிடம் தளர்ந்துவிடுவதும் உண்டு. ஆகவே இந்த நான்கும் ஒரு குடும்பம் பெரும்பாலும் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைத்தான் காட்டுகின்றன.

கல்லூரி வளாகத்தில் குடி

இந்தத் துறையில் அதிக ஆய்வுகள் நடந்திருப்பது அமெரிக்காவில். அங்கே 1984இல் கொண்டுவரப்பட்ட தேசியச் சட்டத்தின் விளைவாக, மது வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது 1988க்குள் எல்லா மாநிலங்களிலும் 21 ஆனது. மாணவர்கள் கல்லூரிக்கு வருவதோ 18 வயதில். ஆக, முதல் மூன்று ஆண்டுகள் பெரும்பாலோருக்குச் சட்டப்படி மது கூடாது. இருந்தும், ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளியின் ஹென்றி வெக்ஸ்லர் 1993இல் 140 கல்லூரிகளில் 17,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடத்திய கணக்கெடுப்பில், 44 சதவீதம் பேர் முந்தைய இரண்டு வாரங்களில் ஒருமுறையாவது ஒரே அமர்வில் மிதமிஞ்சிக் குடித்ததாகத் தெரிந்தது. அதன் பிறகு அளவு ஓரளவு குறைந்திருக்கிறது. ஆனாலும் அண்மை ஆண்டுகளின் தேசியக் கணக்கெடுப்புகளில், முழுநேர மாணவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் கடந்த ஒரு மாதத்தில் குடித்திருக்கிறார்கள். நான்கில் ஒருவருக்கும் மேல் மிதமிஞ்சிக் குடித்திருக்கிறார்கள்.

மிதமிஞ்சிய குடி என்பதற்குத் தெளிவான வரையறை உண்டு. சுமார் இரண்டு மணி நேரத்துக்குள் ஆண்கள் ஐந்து அளவையோ அதற்கு மேலோ, பெண்கள் நான்கு அளவையோ அதற்கு மேலோ குடிப்பது அது. அமெரிக்கக் கணக்கில் ஓர் அளவை என்பது 14 கிராம் தூய ஆல்கஹால். தமிழ்நாட்டில் விற்கும் 180 மில்லி குவார்ட்டர் பாட்டில் பிராந்தியிலோ விஸ்கியிலோ சுமார் 60 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. அதாவது நான்கு அளவைக்கும் சற்று அதிகம். ஒரு குவார்ட்டரைச் சிறிய விஷயமாக நினைப்பது எவ்வளவு பிழை என்பதை இந்தக் கணக்கே சொல்லும்.

கல்லூரியின் முதல் ஆண்டு, அதிலும் முதல் ஆறு வாரங்கள், மிக ஆபத்தான காலம் என்று அமெரிக்க அரசின் மது ஆய்வு நிறுவனம் எச்சரிக்கிறது. புதிய இடம், தனிமை, யாருடனாவது சேர்ந்துகொள்ள வேண்டும் என்ற தவிப்பு, சீனியர்களின் அழைப்பு எல்லாம் அந்த வாரங்களில் ஒன்றுகூடுகின்றன. இந்த வயதில் மூளையின் வளர்ச்சியும் முழுமை பெறுவதில்லை. ஆசையை அடக்கவும் பின்விளைவை எண்ணிப் பார்க்கவும் உதவும் மூளையின் முன்பகுதி இருபதுகளின் நடுப்பகுதிவரை முதிர்ந்துகொண்டிருக்கிறது. விபத்து, பாலியல் வன்முறை, வகுப்புக்குப் போகாமை, தேர்வில் தோல்வி, மனச்சோர்வு எனக் குடியின் பின்னே வரும் இழப்புகள் நீளமானவை. இந்த இழப்புகளை எண்ணித்தான் ஆய்வாளர்கள், கல்லூரிக்கு முன்பே பிள்ளையைக் காக்கக்கூடியது எது என்று தேடத் தொடங்கினார்கள்.

ஆய்வாளர்கள் அளக்கும் விதம்

வளர்ப்பு முறையை அளக்கப் பெரும்பாலான ஆய்வுகள் கேள்வித்தாளைப் பயன்படுத்துகின்றன. ஜான் புரி 1991இல் வெளியிட்ட கேள்வித்தாள் இவற்றில் பெயர்பெற்றது. அதில் 30 வாக்கியங்கள் இருக்கும். அதிகார, செல்ல, வழிநடத்தும் வளர்ப்பு ஒவ்வொன்றுக்கும் பத்து. இளைஞர்கள் தாங்கள் வளர்ந்த வீட்டை நினைத்துப் பார்த்து, ஒவ்வொரு வாக்கியமும் தாய்க்கு எவ்வளவு பொருந்தும், தந்தைக்கு எவ்வளவு பொருந்தும் என்று தனித்தனியே மதிப்பெண் இடுவார்கள்.

குடியை அளக்க உலகச் சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விகள் கொண்ட சோதனை பல நாடுகளில் பயன்படுகிறது. எத்தனை நாளுக்கு ஒருமுறை, ஒரே நேரத்தில் எவ்வளவு என்று முதல் மூன்று கேள்விகள் கேட்கும். தொடங்கினால் நிறுத்த முடியாத நிலை, காலையில் எழுந்ததும் குடிக்கத் தோன்றுவது போன்ற அடிமைத்தன அறிகுறிகளை அடுத்த மூன்று விசாரிக்கும். குற்ற உணர்வு, நினைவு தப்புதல், காயம், பிறரின் கவலை ஆகியவற்றைக் கடைசி நான்கு விசாரிக்கும். மொத்த மதிப்பெண் 40. எட்டும் அதற்கு மேலும் வந்தால் குடி தீங்கான அளவை எட்டியிருக்கலாம் என்பது பொதுவான எல்லை.

ஆய்வுகள் காட்டுவது

வளர்ப்பு முறையையும் குடியையும் சேர்த்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில் முக்கியமான ஒன்றை பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் பாரும் ஜான் ஹாஃப்மனும் 2010இல் வெளியிட்டார்கள். 12 முதல் 19 வயதுவரை உள்ள ஏறக்குறைய 5,000 பேர் அதில் பங்கேற்றார்கள். கண்டிப்பும் அன்பும் சேர்ந்த வீட்டுப் பிள்ளைகளே மிகக் குறைவாக மிதமிஞ்சிக் குடித்தார்கள். அவர்களோடு ஒப்பிட்டால், அன்பு இருந்து கண்டிப்பு இல்லாத வீடுகளில் அந்த ஆபத்து ஏறக்குறைய மூன்று மடங்கு. கண்டிப்பு இருந்து அன்பு இல்லாத வீடுகளிலோ இரண்டு மடங்குக்கும் மேல்.

இந்த இரண்டாவது முடிவைப் பெற்றோர் ஊன்றிக் கவனிக்க வேண்டும். வெறும் கண்டிப்பு பிள்ளையைக் காப்பதில்லை. பயத்தால் மட்டுமே கட்டுப்பட்ட பிள்ளைக்கு, பயமுறுத்துபவர் இல்லாத இடத்தில் கட்டுப்பட எந்தக் காரணமும் இல்லை. விடுதி அப்படிப்பட்ட இடம்தான். மறுபக்கம், வெறும் அன்பும் போதாது. எல்லை என்று ஒன்று இருப்பதையே அறியாமல் வளர்ந்தவருக்குத் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளும் பயிற்சி கிடைப்பதில்லை.

லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் அவருடைய குழுவினரும் 1991இல், விஸ்கான்சின், கலிபோர்னியா மாநிலங்களைச் சேர்ந்த 14 முதல் 18 வயதுவரையிலான சுமார் 4,100 மாணவர்களைப் பற்றி எழுதியதிலும் இதே சாய்வு தெரிந்தது. வழிநடத்தும் வளர்ப்பில் வந்தவர்கள் படிப்பிலும் மனநலத்திலும் நடத்தையிலும் சிறந்திருந்தார்கள். பாராமுக வீடுகளின் பிள்ளைகள் எல்லாவற்றிலும் பின்தங்கியிருந்தார்கள். ஓராண்டு கழித்து அதே மாணவர்களைப் பார்த்தபோது, பாராமுகத்தில் வளர்ந்தவர்களின் நிலை மேலும் சரிந்திருந்தது.

வளர்ப்பு கோப்பையைத் தொடும் வழி

வீட்டில் கிடைத்த வளர்ப்பு, பல ஆண்டுகள் கழித்து ஒரு விருந்தில் கையில் இருக்கும் கோப்பையை எப்படித் தொடுகிறது? அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜூலி பேட்டாக்-பெக்கமும் அவருடைய குழுவினரும் 2001இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். வளர்ப்பு முறை முதலில் உருவாக்குவது தன்னடக்கத்தை. இலக்கு வைத்துக்கொள்வது, தான் நடப்பதைத் தானே கவனிப்பது, வேண்டும்போது நிறுத்துவது ஆகிய மூன்றும் சேர்ந்த திறன் அது. அந்தத் திறன் உள்ளவருக்குத் தன் குடி தன் கட்டுப்பாட்டில் இருக்கும் என்ற நம்பிக்கை இருக்கிறது. அவர் குறைவாகக் குடிக்கிறார், குடியால் வரும் சிக்கலும் குறைகிறது. இந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. தன் பாலினத்தைச் சேர்ந்த பெற்றோரின் வளர்ப்பே தன்னடக்கத்தோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தது. மகனுக்குத் தந்தையும் மகளுக்குத் தாயும் முன்மாதிரியாவது இதற்குக் காரணமாகலாம்.

இரண்டாவது வழி நண்பர்கள். கல்லூரியில் குடியை நேரடியாகத் தூண்டுவது நண்பர் கூட்டமே என்பதில் ஐயமில்லை. ஆனால் எந்தக் கூட்டத்தில் சேர்வது என்பதைப் பிள்ளை வெறுங்கையோடு முடிவு செய்வதில்லை. பெற்றோரோடு நெருக்கமாக இருக்கும் மாணவர்கள் குடிக்காத, அல்லது குறைவாகக் குடிக்கும் நண்பர்களை நாடுவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

மூன்றாவது, மற்றவர்களைப் பற்றிய மதிப்பீடு. தன்னோடு படிப்பவர்கள் உண்மையில் குடிப்பதைவிட அதிகமாகக் குடிக்கிறார்கள் என்றே மாணவர்கள் நினைக்கிறார்கள் என்பதை வெஸ்லி பெர்கின்ஸும் ஆலன் பெர்கோவிட்ஸும் 1986இல் எடுத்துக்காட்டினார்கள். "எல்லாரும் குடிக்கிறார்கள்" என்பது பெரும்பாலும் தவறான கணக்கு. அந்தத் தவறான கணக்கை நம்பியே பலர் கோப்பையைக் கையில் எடுக்கிறார்கள். வீட்டில் இதைப் பற்றிப் பேசியிருந்தால் அந்தக் கணக்கைச் சரிபார்க்கும் வாய்ப்பு பிள்ளைக்குக் கிடைக்கும்.

கண்காணிப்பும் பகிர்தலும்

பிள்ளை எங்கே இருக்கிறது, யாரோடு இருக்கிறது என்று அறிந்த பெற்றோரின் பிள்ளைகள் குறைவாகக் குடிக்கிறார்கள். அந்த அறிவு கண்காணிப்பால் வருகிறது என்றே நீண்ட காலம் நம்பப்பட்டது. சுவீடனில் ஆய்வு நடத்திய ஹோகன் ஸ்டாட்டினும் மார்கரெட் கெரும் 2000இல் வெளியிட்ட ஆய்வு இந்த நம்பிக்கையை அசைத்தது. 14 வயதுப் பிள்ளைகளையும் பெற்றோரையும் விசாரித்தபோது, பெற்றோருக்குத் தெரிந்தவற்றில் பெரும்பகுதி அவர்கள் துருவிக் கேட்டு அறிந்ததாக இல்லை. பிள்ளைகளே தாமாக வந்து சொன்னதாக இருந்தது.

பிள்ளை தானாகச் சொல்ல வேண்டுமானால், சொன்னால் என்ன நடக்கும் என்பது அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். உண்மையைச் சொன்ன அன்று அடியும் வசவும் கிடைத்திருந்தால் அடுத்த முறை அது வாய் திறக்காது. கண்டிப்பு என்பதிலேயே இரண்டு வகை இருப்பதை பிரையன் பார்பர் 1990களில் பிரித்துக் காட்டினார். இத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும், இரவு எங்கே போகிறாய் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பவை நடத்தைக்கு வைக்கும் எல்லைகள். குற்ற உணர்வைத் தூண்டுவது, பேசாமல் இருந்து தண்டிப்பது, அன்பைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக மிரட்டுவது ஆகியவை மனதின் மேல் செலுத்தும் ஆதிக்கம். முதல் வகை பொதுவாக நன்மை தருகிறது. இரண்டாவது வகை மனச்சோர்வையும் தன்னம்பிக்கைக் குறைவையும் கொண்டுவருகிறது. துயரை மறக்கக் குடிப்பவர்கள் இந்தப் பின்னணியிலிருந்தும் உருவாகிறார்கள்.

வீட்டிலேயே பழக்கினால்?

"எப்படியும் வெளியே போய்க் குடிக்கத்தான் போகிறான். வீட்டிலேயே எங்கள் கண்முன் கொஞ்சம் குடித்துப் பழகினால் அளவு தெரியும்" என்ற வாதம் மேற்கு நாடுகளில் பரவலாக இருக்கிறது. நகரத்துத் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றிலும் அது கேட்கிறது. ஆஸ்திரேலியாவில் ரிச்சர்ட் மாட்டிக் தலைமையிலான குழு 2010 முதல் 1,927 பிள்ளைகளை ஏழாம் வகுப்பிலிருந்து ஆறு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, முடிவுகளை 2018இல் வெளியிட்டது. பெற்றோர் மது கொடுத்ததால் எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. மிதமிஞ்சிய குடியும் குடியால் வரும் தீங்கும் அந்தப் பிள்ளைகளிடம் கூடுதலாக இருந்தன. அவர்கள் அடுத்த ஆண்டு வேறு இடங்களிலிருந்தும் மது பெறும் வாய்ப்பும் அதிகரித்தது.

அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் நடந்த ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. இத்தனை அளவைவரை பரவாயில்லை என்று பெற்றோர் அனுமதிப்பதாக எண்ணும் மாணவர்கள் அதிகம் குடிக்கிறார்கள். அதன் தீய விளைவுகளையும் அதிகம் சந்திக்கிறார்கள். பெற்றோர் வரம்பாக நினைத்துச் சொல்லும் அளவைப் பிள்ளை அனுமதியாக எடுத்துக்கொள்கிறது.

பெற்றோரின் சொந்தக் குடியும் பேசாமல் பாடம் நடத்துகிறது. வேலைக் களைப்பு, கோபம், கொண்டாட்டம் எல்லாவற்றுக்கும் தந்தை பாட்டிலை எடுக்கும் வீட்டில், குடி ஒரு தீர்வு என்பதைப் பிள்ளை சொல்லாமலே கற்கிறது. குடிநோயில் மரபணுவின் பங்கு ஏறக்குறைய பாதி என்று இரட்டையர் ஆய்வுகளும் தத்து ஆய்வுகளும் மதிப்பிடுகின்றன. குடும்பத்தில் குடிநோய் இருந்தால் அந்தப் பிள்ளைக்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை. மறைத்து வைப்பதைவிட அந்த உண்மையைப் பிள்ளையிடம் சொல்லிவிடுவதே நல்லது. மரபணு விதியல்ல, மீதிப் பாதி சூழலின் கையில் இருக்கிறது.

எல்லா நாடுகளுக்கும் ஒரே விடையா?

அமெரிக்க முடிவுகளை அப்படியே உலகெங்கும் பொருத்திவிட முடியாது. சுவீடன், பிரிட்டன், ஸ்பெயின், போர்ச்சுகல், சுலோவேனியா, செக் குடியரசு ஆகிய ஆறு நாடுகளின் இளையோரிடம் நடந்து 2014இல் வெளியான ஆய்வில், கண்டிப்பும் அன்பும் சேர்ந்த வளர்ப்பும், அன்பு மிகுந்து கண்டிப்பு குறைந்த வளர்ப்பும் போதைப் பழக்கத்திலிருந்து ஏறக்குறைய ஒரே அளவு காத்தன. சீனப் பின்னணி கொண்ட அமெரிக்கக் குடும்பங்களை ஆராய்ந்த ரூத் சாவ், வெள்ளையர் கண்ணுக்கு அதிகாரமாகத் தோன்றும் கண்டிப்பு அந்தக் குடும்பங்களில் அக்கறையாகவும் பயிற்சியாகவும் கொள்ளப்படுவதை 1994இல் சுட்டிக்காட்டினார். ஒரே செயல் ஒரு பண்பாட்டில் அடக்குமுறையாகவும் இன்னொன்றில் பாசமாகவும் பொருள்படக்கூடும். ஆனால் இவற்றுக்கெல்லாம் பொதுவாக நிற்பது ஒன்று உண்டு: தன் மேல் பெற்றோருக்கு அக்கறை இருக்கிறது என்று பிள்ளை உணரும் வீடே காக்கிறது. அது இல்லாத வளர்ப்பு எங்கும் காத்ததாகத் தெரியவில்லை.

இந்த ஆய்வுகளின் எல்லைகளையும் சொல்ல வேண்டும். பல ஆய்வுகள் ஒரே நேரத்தில் வளர்ப்பையும் குடியையும் கேட்டு எழுதப்பட்டவை. இன்று குடிக்கும் மாணவர் தன் பெற்றோரைப் பற்றி நினைவிலிருந்து சொல்வது அவருடைய இன்றைய மனநிலையால் மாறக்கூடும். காரணம் எது, விளைவு எது என்பதும் எளிதில் பிரிவதில்லை. அடங்காத பிள்ளையின் பெற்றோர் நாளடைவில் களைத்துப்போய்க் கைவிடுவதும் உண்டு. அங்கே பிள்ளையின் இயல்பே வளர்ப்பை மாற்றியிருக்கிறது. வருமானம், நண்பர்கள், மதநம்பிக்கை, மதுவின் விலை, கடையின் தூரம் எல்லாமும் சேர்ந்துதான் முடிவைத் தீர்மானிக்கின்றன. ஒரு பிள்ளை குடித்துவிட்டது என்பதற்காக அதன் பெற்றோரைக் குற்றவாளியாக்குவது அறிவியலும் அல்ல, அறமும் அல்ல.

பேச்சு மாற்றும் இடம்

பெற்றோரால் பிள்ளையின் குடியை மாற்ற முடியுமா என்பதைச் சோதித்துப் பார்த்தவர்களில் முன்னோடி, பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் டரிசி. கல்லூரிக்குப் போகும் முன் கோடை விடுமுறையில் பெற்றோருக்கு ஒரு கையேடு கொடுக்கப்பட்டது. பிள்ளையிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது, மது உடலில் என்ன செய்கிறது, இளைஞர்கள் ஏன் குடிக்கிறார்கள், நண்பர்கள் வற்புறுத்தினால் எப்படி மறுப்பது என்பவை அதில் இருந்தன. பெற்றோர் அதைப் படித்துப் பிள்ளையோடு பேசினார்கள். 2001இல் வெளியான முடிவின்படி, அப்படிப் பேசப்பட்ட பிள்ளைகளிடம் முதல் ஆண்டில் குடியும் போதையும் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. பின்னர் நடந்த ஆய்வுகளில், கல்லூரி தொடங்கும் முன் பேசுவது தொடங்கிய பின் பேசுவதைவிடப் பலன் தருவதும் தெரிந்தது.

நெதர்லாந்தில் பள்ளி மாணவர்களிடையே நடந்த ஒரு சோதனை இன்னொரு பாடம் தந்தது. பெற்றோருக்கு மட்டும் பயிற்சி கொடுத்தபோதும் மாணவருக்கு மட்டும் பாடம் நடத்தியபோதும் பெரிய மாற்றம் இல்லை. இருவரையும் சேர்த்து ஈடுபடுத்தியபோதே வாராந்தரக் குடிப்பழக்கம் தொடங்குவது தள்ளிப்போனது.

ஐஸ்லாந்து இதை நாடு முழுவதற்கும் விரித்தது. அங்கே 1998இல் 15, 16 வயதினரில் 42 சதவீதம் பேர் முந்தைய ஒரு மாதத்தில் போதையில் இருந்ததாகச் சொன்னார்கள். 2016இல் அது 5 சதவீதமாகக் குறைந்தது. மது வாங்கக் குறைந்தபட்ச வயது 20 என்பது சட்டம்; இரவில் பிள்ளைகள் வெளியே சுற்றும் நேரத்துக்குச் சட்டமே எல்லை வைத்தது; விளையாட்டுக்கும் இசைக்கும் நடனத்துக்கும் அரசு பணம் ஒதுக்கியது. பெற்றோர்கள் பள்ளிதோறும் கூடி, பிள்ளைகளோடு அதிக நேரம் செலவிடுவது, வீட்டில் மது தருவதில்லை என்று ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். வார நாட்களில் பெற்றோரோடு அடிக்கடி நேரம் செலவிடுவதாகச் சொன்ன பிள்ளைகளின் அளவு 1997க்கும் 2012க்கும் இடையே 23 சதவீதத்திலிருந்து 46 ஆக, அதாவது இரண்டு மடங்காக, உயர்ந்தது.

தமிழ்க் குடும்பங்களுக்கு

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மது வாங்கும் வயது 21. தமிழ்நாட்டில் இளங்கலை மாணவர்களில் பெரும்பாலோர் அந்த வயதை எட்டாதவர்கள். அங்கே 2003 முதல் சில்லறை மது விற்பனை அரசின் டாஸ்மாக் நிறுவனத்திடம் இருக்கிறது. கடை கண்ணில் படாத ஊர் அரிது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் சுமார் நான்கில் ஒருவர் குடிக்கிறார். பெண்களில் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை.

மற்ற நாடுகளின் ஆய்வுகள் சொல்வதை இங்கே பொருத்தும்போது முதலில் தெரிவது வீட்டின் மௌனம். படிப்பு, மதிப்பெண், வேலை பற்றி மணிக்கணக்கில் பேசும் பெற்றோர் குடியைப் பற்றிப் பேசுவதில்லை. பேசினால் "நம் பிள்ளை அப்படிப்பட்டவன் இல்லை" என்றோ "குடித்தால் வீட்டுப் பக்கம் வராதே" என்றோ முடிந்துவிடுகிறது. மகளிடம் பேசவே வேண்டியதில்லை என்ற எண்ணமும் பரவலாக இருக்கிறது. வெளியூர், வெளிநாடு என்று படிக்கப் போகும் இன்றைய நிலையில் மகனிடம் பேசுவதை மகளிடமும் பேசியே ஆக வேண்டும்.

பேச வேண்டியவை சிக்கலானவை அல்ல. குடிக்க வேண்டாம் என்ற எதிர்பார்ப்பைத் தெளிவாகச் சொல்வது, ஏன் என்று காரணம் தருவது, பிள்ளை என்ன நினைக்கிறது என்று கேட்பது. விடுதியில் யாராவது வற்புறுத்தினால் எப்படி மறுப்பது என்று சேர்ந்து யோசிப்பது. எந்த நேரத்திலும், எந்த நிலையிலும் அழைக்கலாம், முதலில் உதவி, மற்றதெல்லாம் பிறகு என்று உறுதி கொடுப்பது. கடைசியாகச் சொன்னது செல்லம் கொடுப்பதல்ல. மறுநாள் அதைப் பற்றிப் பேசவும் எல்லையை மறுபடி வலியுறுத்தவும் பெற்றோருக்கு உரிமை இருக்கிறது. கல்லூரி தொடங்கிய பிறகு முதல் சில வாரங்களில் அடிக்கடி பேசுவதும், சாப்பாட்டையும் மதிப்பெண்ணையும் தாண்டி நண்பர்களைப் பற்றியும் தனிமையைப் பற்றியும் கேட்பதும் பயன் தரும்.

உடனே உதவி தேவைப்படும் நேரம்

மாணவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டியது மது நஞ்சாகும் நிலை. குடிப்பதை நிறுத்திய பிறகும் வயிற்றில் உள்ள மது இரத்தத்தில் ஏறிக்கொண்டே இருக்கும். தட்டினாலும் எழாமை, விடாத வாந்தி, வலிப்பு, நிமிடத்துக்கு எட்டுக்கும் குறைவான மூச்சு, இரண்டு மூச்சுக்கு நடுவே பத்து விநாடிக்கு மேல் இடைவெளி, குளிர்ந்து வெளுத்த அல்லது நீலம் பாய்ந்த தோல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் அது உயிராபத்து. "தூங்கவிடு, தெளிந்துவிடும்" என்று விட்டுவிடக் கூடாது. மயங்கியவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தனியே விடாமல், இந்தியாவில் 108 ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். காபி கொடுப்பதும் குளிர்ந்த நீரில் குளிப்பாட்டுவதும் உதவாது, தீங்கும் செய்யலாம்.

நாளடைவில் தெரியும் அறிகுறிகள் வேறு. வகுப்பைத் தவிர்ப்பது, பணத்துக்குப் பொய் சொல்வது, முந்தைய இரவு நடந்தது நினைவில் இல்லாமை, குடிக்காவிட்டால் நடுக்கமும் எரிச்சலும் வருவது ஆகியவை பழக்கம் நோயாக மாறுவதைக் காட்டும். குடிநோய் மருத்துவம் தேவைப்படும் நோய். நாள்தோறும் அதிகமாகக் குடித்துவந்தவர் திடீரென்று தானே நிறுத்துவது ஆபத்தாகலாம் என்பதால் மருத்துவரின் மேற்பார்வை வேண்டும். இந்தியாவில் போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416; இரண்டுக்கும் கட்டணம் இல்லை. சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை போன்ற நிறுவனங்கள், நோயாளியோடு குடும்பத்தினரையும் சிகிச்சையில் சேர்த்துக்கொள்கின்றன. வளர்ப்பைப் பற்றிய ஆய்வுகள் வலியுறுத்தும் அக்கறையும் எல்லையும் சிகிச்சைக் காலத்திலும் தேவைப்படுகின்றன. மீண்டு வரும் பிள்ளைக்கு அவை இரண்டையும் சேர்த்துத் தருவது குடும்பத்தின் பொறுப்பு.